ஐஸ்கிரீம் மூடியில் ஒரு கணக்கு

எண்பத்தேழு பவுண்டு ஐம்பது பென்ஸ். நவநீத் என்கிற பொடியன் தவநாயகிக்குக் கொடுக்க வேண்டியிருந்த காசு அது. எந்தக் கொப்பியிலும் அதை எழுதி வைக்கவில்லை. இரண்டு லீட்டர் ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியில், மேலே நீல மார்க்கரால் அவன் பெயர். கீழே நாலு கோடு போட்டு ஐந்தாவதால் குறுக்கே வெட்டிய கட்டுகள். ஐந்து கட்டு, இருபத்தைந்து சாப்பாடு, சாப்பாடு ஒன்று மூன்றரைப் பவுண்டு.

மூடி, அவள் சமைக்கிற குசினிக் கதவின் பின்பக்கத்து ஆணியில், அவளுடைய மழைக் கோட்டுக்குள் மறைந்து தொங்கியது. அதனால்தான் தப்பியது.

தவநாயகி காலையில் பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்தாள். பின்னேரம் வந்து, அந்தத் தெருவில் அறை எடுத்திருந்த இந்தியப் பொடியன்களுக்குச் சமைத்துக் கொடுத்தாள். ஆறரைக்கு வந்து டப்பாவை வாங்கிப் போவார்கள். மாதம் முடிந்து காசு தந்ததும், நகப்பூச்சு அழிக்கிற தண்ணியில் பஞ்சை நனைத்து, தந்தவனின் கண்முன்னாலேயே கோடுகளைத் துடைப்பாள். "பாத்திட்டியளோ? சரி, இனிப் புதுக் கணக்கு" என்பாள். பொடியன் வேறு ஊருக்குப் போனால் பெயரையும் துடைத்துவிட்டு, அதே மூடியில் அடுத்தவனின் பெயரை எழுதுவாள்.

அவளுடைய கணவன் ஸ்ரீஸ்கந்தராஜா இருபது வருடமாக, ரொட்டி சுடுகிற பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. ஒன்பது வயதில் கடலுக்கு இறங்கியவர், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. காலையில் அவர் வீடு திரும்புகையில் அவள் வேலைக்குப் போயிருப்பாள். பிரிட்ஜில் இருக்கிற டப்பாக்களில் எது என்னவென்று வெளியே தெரியாது. ஒருநாள் அரைத்த உளுந்தைச் சொதியென்று நினைத்துச் சூடாக்கிச் சோற்றில் ஊற்றினார். அன்றுதான் அவள் கடதாசி டேப் ஒட்டி எழுதத் தொடங்கினாள். முதலில் மீன் படமும் கத்தரிக்காய்ப் படமும் வரைந்து கீழே எழுத்து. கொஞ்சம் கொஞ்சமாகப் படத்தை நிறுத்தினாள். ஐம்பத்தொரு வயதில், விறைத்த விரலோடு அந்த டேப்பைத் தடவித் தடவி அவர் வாசிக்கப் பழகினார். க, த், த, ரி. மற்றவர்கள் அம்மா, ஆடு என்று தொடங்கியதை அவர் கத்தரிக்காயில் தொடங்கினார்.

அத்தனை டப்பாவிலும் அவர் பெயரை மட்டும் அவள் எழுதியதில்லை. வாயால் சொல்லாத பெயரை எழுதவும் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. எல்லாவற்றுக்கும் "இஞ்சருங்கோ" ஒன்றுதான்.

பெப்ரவரியில், வேலை முடிந்து வரும் வழியில், பஸ் சீற்றிலேயே தவநாயகி செத்துப்போனாள். மூளையில் நரம்பு வெடித்தது என்றார்கள்.

செத்த வீடு முடிந்த கையோடு அவளின் தங்கை ஜெகதீஸ்வரி பிரீசரைத் திறந்தாள். "அத்தான், சாவீட்டில சமைச்சது ஒண்டும் வைச்சிருக்கக் கூடாது. எல்லாத்தையும் கொட்டத்தான் வேணும்." பத்தொன்பது டப்பா இருந்தது. மூன்று பெண்கள் வரிசையாக நின்று கொட்டினார்கள். சுடுதண்ணியில் ஊறவைத்து டேப்பை உரித்தார்கள். மற்றப் பொடியன்களின் கணக்கு மூடிகளையும் தேய்த்து வெளுப்பாக்கினார்கள். நண்டு, பயித்தங்காய், திரும்பவும் நண்டு. எழுத்தெல்லாம் நூலாய்ச் சுருண்டு சிங்கின் ஓட்டைக்குள் போனது. நல்ல மனதோடுதான் செய்தார்கள். "பாத்தியளே, புதுசு மாதிரி வந்திட்டுது" என்று ஜெகதீஸ்வரி டப்பாக்களை அடுக்கிக் காட்டினாள். அவர் தலையாட்டினார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்தது. ஒருநாள் மழை பெய்ய, அவளின் மழைக் கோட்டை எடுத்து முகர்ந்து பார்த்தபோதுதான் மூடி ஆணியில் ஆடியது.

மகள் கம்சிகா வெம்பிளியில் இருக்கிறாள். "அப்பா, யூ கான்ட் ஜஸ்ட் சிட் அட் ஹோம்" என்று சொல்லி, சனிக்கிழமைகளில் சமூகக் கூடத்தில் நடக்கிற வகுப்புக்கு அவர் பெயரைப் பதிந்துவிட்டாள். வீட்டில் கிடக்கிற பழசுகளில் புதுசு செய்கிற வகுப்பு. ஜாம் போத்தலில் விளக்கு, கிழிந்த ஜீன்சில் பை, தகரப் பேணியில் கரண்டி வைக்கிற கூடு. பன்னிரண்டு பெண்கள், அவர் ஒருவர்தான் ஆண். பாண் தட்டுத் தூக்கித் தடித்த விரலுக்குள் ஊசி அகப்படாது. ஆனாலும் போனார். அங்கே ஒருவரும் "எப்பிடி இருக்கிறியள்?" என்று முகத்தைச் சரித்துக்கொண்டு கேட்பதில்லை. கத்தரிக்கோலைத் தாங்கோ, பசையைத் தாங்கோ என்றுதான் கேட்டார்கள்.

நாலாவது சனிக்கிழமை மணிக்கூடு செய்தார்கள். வட்டமோ சதுரமோ, ஒரு மூடி. நடுவில் ஓட்டை. பழைய மணிக்கூட்டின் இயந்திரத்தைக் கழற்றிப் பின்னால் பூட்டி, முன்னால் முள்ளைச் செருக வேண்டும். இலக்கத்துக்குப் பதில் பொத்தான் ஒட்டலாம். அவர் வீட்டில் கண்ணாடி வெடித்த மணிக்கூடு ஒன்று இருந்தது. பொத்தானுக்கு வேலைச் சேர்ட் இருந்தது. மூடியும் இருந்தது. பையிலிருந்து அதை எடுத்து வைத்ததும், சொல்லிக்கொடுக்கிற ஆரணி தூக்கிப் பார்த்தாள்.

"அங்கிள், முதல் இதைக் கிளீன் பண்ணுங்கோ. பிறகு வைட் பெயின்ட் ஒரு கோட் குடுத்தா நீட்டா வரும்."

"ஓம் பிள்ளை. வீட்ட கொண்டுபோய்ச் செய்யிறன்." மூடியைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார்.

துடைக்கிற எண்ணம் அவருக்கு இல்லை. எழுத்துக்கு மேலேயே முள் ஓடட்டும் என்று முடிவு செய்திருந்தார். அடுத்த நாள் மத்தியானம் பன்னிரண்டு பொத்தானையும் மூடியைச் சுற்றி அடுக்கி, ஓட்டை எங்கே போடுவது என்று பார்த்துக்கொண்டிருக்கையில் கதவு மணி அடித்தது.

நவநீத். செத்த வீட்டுக்கு வந்து ஒரு மூலையில் நின்றவன், அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் குசினிக்குள் வந்தான். மேசையில் கிடந்ததைப் பார்த்து அப்படியே நின்றான்.

"இது என் கணக்குத்தானே, அங்கிள்?"

"ஓம் தம்பி. இருங்கோ. தேத்தண்ணி போடட்டே?"

"வேண்டாம் அங்கிள்." நாலு இருபதும் ஒரு பத்தும் எடுத்து மேசையில் வைத்தான். "எண்பத்தேழரை. அன்னைக்கு எப்படிக் குடுக்கிறதுன்னு தெரியல. அப்புறம் இந்தத் தெருவில வரவே வெக்கமாப் போச்சு."

"அவ இருந்தா வாங்கியிருப்பா. எனக்கு வேண்டாம். கோயிலில போடுங்கோ."

"சர்ச் ரோடு முருகன் உண்டியல்ல நூறு போட்டேன் அங்கிள். மனசு ஆறல. வெள்ளிக்கிழமை மான்செஸ்டர் போறேன். சோறு போட்டவங்க கடனை வச்சுக்கிட்டு ஊர் மாறாதடான்னு அம்மா ஃபோன்ல அழறாங்க." மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆன்ட்டி கண்ணு முன்னால அழிப்பாங்க. அதைப் பாத்தாத்தான் தீர்ந்த மாதிரி இருக்கும். நீங்க ஒருதரம் அழிச்சிடுங்களேன்."

ஸ்ரீஸ்கந்தராஜா ஒரு பொத்தானை எடுத்து விரலுக்குள் உருட்டினார். இந்த வீட்டில் அவள் கையால் எழுதியது இது ஒன்றுதான் மிச்சம் என்று சொல்லலாம். நல்ல பிள்ளை இவன், சொன்னால் விட்டுவிடுங்கள் என்று எழும்பிப் போய்விடுவான். போய், ஒரு புது ஊரில், புது அறையில், சாப்பிட உட்காருகிற நேரமெல்லாம் அந்த இருபத்தைந்தையும் எண்ணுவான். அவருக்கு அவளின் குரல் கேட்டது. இஞ்சருங்கோ, ஒரு பொடியனைக் கடனோட அனுப்பிப்போட்டு மணிக்கூடு செய்யிறியளோ? வெக்கமில்லையோ உங்களுக்கு?

"இருங்கோ. ரண்டரைப் பவுண்டு மிச்சம் தரவேணும்."

"பரவால்ல அங்கிள்..."

"பரவாயில்லையெண்டு சொல்லப்படாது. அவ ஒரு பென்ஸ் மிச்சம் வைக்கமாட்டா."

அவளின் கைப்பையை அவர் இதுவரை திறக்கவில்லை. திறந்தார். பஸ் அட்டை, தைலப் போத்தல், பாதி தின்று மடித்து வைத்த இஞ்சி மிட்டாய்த் துண்டு. சில்லறைப் பையில் ஒரு இரண்டு பவுண்டும் ஒரு ஐம்பது பென்ஸும் சரியாக இருந்தன. எடுத்து அவன் கையில் வைத்தார்.

பிறகு அலுமாரி லாச்சியை இழுத்து, நகப்பூச்சு அழிக்கிற தண்ணிப் போத்தலையும் பஞ்சையும் எடுத்து வந்தார். மணம் மூக்கில் ஏறியது. மாதத்தில் ஒருநாள் குசினியில் வீசிய மணம்தான், அவர் நித்திரைப் பாயில் கிடந்தபடி சுவாசித்தது. முதல் கட்டின் மேல் பஞ்சை வைத்து இழுத்தார். மார்க்கர் கரைந்து நீலமாக நீண்டு, பிறகு பஞ்சுக்குள் போனது. இரண்டாவது. மூன்றாவது. குறுக்குக் கோட்டை அவள் எப்போதும் வேகமாகத்தான் கீறுவாள், நுனியில் ஒரு சின்ன வளைவு விழும். ஐந்தாவது கட்டின் அந்த வளைவு மட்டும் கொஞ்ச நேரம் போகாமல் நின்றது. திரும்பவும் அழுத்தினார். போய்விட்டது.

"பாத்திட்டியளோ?" என்றார். மற்றதை, புதுக் கணக்கு என்பதை, சொல்லவில்லை.

நவநீத் கண்ணைத் துடைத்தான். பிறகு, ஞாபகம் வந்தவனாக, "ஊரை விட்டுப் போறவங்க பேரையும் அழிப்பாங்க அங்கிள். எனக்கு முன்னால இருந்த பையன் போனப்போ பாத்தேன்" என்றான்.

அவர் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். "பஞ்சு முடிஞ்சுது தம்பி."

மேசையில், இருவருக்கும் நடுவில், பாதிக்கு மேல் நிறைந்த பஞ்சுப் பொட்டலம் வாய் திறந்து கிடந்தது. நவநீத் அதைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான், தட்டில் அடுக்கியிருந்த வெறும் டப்பாக்களைப் பார்த்தான். ஒன்றிலும் ஒரு எழுத்து இல்லை.

"சரி அங்கிள்," என்றான் மெதுவாக. "பேர் இருக்கட்டும்."

அவன் போனபிறகு ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, பெயருக்குக் கீழே நடுவாக ஓட்டை போட்டார். இயந்திரத்தைப் பூட்டினார். பொத்தான்களை ஒட்டினார். ஒன்று மட்டும் கொஞ்சம் சரிந்துவிட்டது, விட்டுவிட்டார். அடுப்புக்கு மேலே மாட்டினார்.

அடுத்த கிழமை கம்சிகா வந்து கழுத்தைச் சரித்துப் பார்த்தாள். "அப்பா, ஹூ இஸ் நவநீத்?"

"அம்மாவிட்டச் சாப்பிட்ட பொடியன்."

அவள் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தாள். மூடியில் பெரிய முள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஆறரைக்கு இரண்டு முள்ளும் கீழே போய்விட, மேலே அந்த நாலு எழுத்தும் ஒன்றும் மறைக்காமல் தெரிந்தன. கேத்தலின் ஆவி எழும்பி அதில் படிந்தது. அவர் எட்டி, சேர்ட்டின் கையால், எழுத்தில் படாமல் சுற்றிவரத் துடைத்தார்.