ஜன்னலைத் திறந்தால் அபராதம்

உலக வரலாறு ஒன்றுதான் பாக்கி. மற்ற பாடங்களையெல்லாம் மூன்று வருஷமாக வீட்டிலேயே படித்து, தனித்தேர்வு எழுதி, ஒவ்வொன்றாகத் தாண்டிவிட்டாள் அம்மாக்காரி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் இஸ்திரிப் பிரிவில் பதினெட்டு வருஷமாக நின்ற காலோடு வேலை பார்ப்பவள். அந்தப் பிரிவுக்கு சூப்பர்வைசர் இடம் காலியாகப் போகிறது. பள்ளி இறுதிச் சான்றிதழ் கையில் இருந்தால் அது அவளுக்கு. இல்லாவிட்டால் நேற்று வந்த யாரோ ஒருவன் வந்து அவளுக்கே இஸ்திரி போடச் சொல்லிக் கொடுப்பான்.

வரலாற்றை மட்டும் வீட்டிலிருந்து படித்துத் தப்பிக்க முடியாது. ஐம்பது மதிப்பெண்ணை வகுப்பிலேயே போடுவார்கள். அதில் இருபத்தைந்து வாங்கினால்தான் ஆண்டுத் தேர்வு எழுத விடுவார்கள். அவளுக்கு மதியம்தான் ஷிஃப்டு. ஆகவே காலை முதல் பாடவேளைக்கு மட்டும் பக்கத்துப் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். அங்கேதான் அவள் மகளும் படிக்கிறாள். அதே வகுப்பு, அதே பிரிவு.

"நாப்பத்தோரு வயசுல நீ என் கிளாஸ்ல வந்து உக்காரப் போறியா?" என்று மகள் கேட்டாள்.

"உன் கிளாஸ்னு பட்டா போட்டா குடுத்திருக்காங்க? நான் கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறேன். நீ உன் வேலையப் பாரு."

மகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பதினாறு வயதில் அம்மாவோடு கடைத்தெருவுக்குப் போகவே கூச்சமாக இருக்கும். வகுப்புக்குப் போவதென்றால் கேட்கவா வேண்டும். அதிலும் அவள் வகுப்பில் முதலிடம் வாங்குகிறவள்.

வரலாறு என்றால் என்னவென்று தனக்குத் தெரியும் என்று அம்மாக்காரி நினைத்திருந்தாள். அவள் படித்த காலத்தில் வரலாறு என்றால் ஆண்டுகள். யார் வந்தார், யார் போனார், எந்தப் போர், எந்த ஒப்பந்தம். மனப்பாடம் செய்தவன் பாஸ், மறந்தவன் ஃபெயில். ஆகவே புத்தகத்தைக் கரைத்துக் குடிப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். சமையலறைச் சுவர், பீரோக் கதவு, குளியலறைக் கண்ணாடி என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் காகிதம் ஒட்டினாள். "சோறு வெந்துச்சான்னு கேட்டா ஆயிரத்து எழுநூத்தி எண்பத்தொம்பதுங்கறா. நான் என்னத்தச் சாப்பிடறது?" என்று வீட்டுக்காரர் புலம்பினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் தேர்வு வந்தது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு முதலாளியின் கடிதத்தைக் கொடுத்து, 'இதை எழுதியவர் எதையெல்லாம் சொல்லாமல் விட்டிருக்கிறார்?' என்று ஒரே கேள்வி. அம்மாக்காரி கேள்வியை இரண்டு முறை படித்தாள். சொல்லாமல் விட்டதை எந்தப் புத்தகத்தில் படிப்பது? தெரிந்த ஆண்டுகளையெல்லாம் நாலு பக்கத்துக்கு எழுதிவைத்தாள், கையெழுத்து முத்து முத்தாக. இருபதுக்கு நான்கு கிடைத்தது. கீழே டீச்சர் எழுதியிருந்தார்: 'எல்லா ஆண்டும் சரி. கேள்விக்குப் பதில் எங்கே?'

அந்த டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ஆதாரம். முப்பது வயதுகூட இருக்காது. தொண்டை மட்டும் கரகரப்பு. யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம்?" என்று கையை நீட்டுவார். ஒருநாள் ஒரு பையன் பேருந்து வரவில்லை, அதனால்தான் தாமதம் என்றான். அதற்கும் கையை நீட்டினார்.

அந்த நாலு மார்க்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனாள். மறுநாள் காலை சுவரில் இருந்த காகிதங்களையெல்லாம் கிழித்தாள். அழுகை வந்தது, அழுதுகொண்டே கிழித்தாள். பிறகு வகுப்புக்கு முன்பே போய் டீச்சரின் மேசை முன்னால் நின்றாள்.

"எனக்கு இது பிடிபடல. எப்படிப் படிக்கணும்னு சொல்லுங்க, தலைகீழா நின்னாவது படிச்சுடறேன்."

"படிக்க வேண்டாம்க்கா. கேளுங்க. ஒரு காகிதம் கைக்கு வந்தா, யார் எழுதினது, யாருக்காக எழுதினது, எதுக்கு எழுதினதுன்னு அதையே குடைஞ்சு கேளுங்க. அவ்வளவுதான் இந்த வகுப்பு."

அவ்வளவுதானாம். அடுத்து வந்த உலக வரைபடத் தேர்வில் அவள் பத்துக்கு ஏழு வாங்கினாள். ஆக முப்பதுக்குப் பதினொன்று. மிச்சமிருந்தது வாதம் ஒன்றுதான், அதற்கு இருபது. அதில் பதினாலு வாங்கியே தீர வேண்டும்.

வாதத்துக்கு ஆதாரம் டீச்சர் ஒரு விதி வைத்திருந்தார். இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும், ஆளுக்கு ஒரு பழைய காகிதம். அதை வைத்துப் பேசினால் பத்து. எதிராளி கேட்கும் ஒரே கேள்விக்குத் தாக்குப்பிடித்தால் பத்து. ஆனால் கேள்வி லேசாக இருந்தால் பதிலுக்கு மூன்றுக்கு மேல் கிடைக்காது. யார் யாருக்கு எதிர் என்று சீட்டுக் குலுக்கினார்கள். அம்மாக்காரியின் சீட்டோடு மகளின் சீட்டு வந்தது. வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மகள் முகத்தில் ஈயாடவில்லை.

"மாத்திக் குடுங்க டீச்சர்," என்றாள் மகள்.

"வேண்டாம். சீட்டு சீட்டுதான்," என்றாள் அம்மாக்காரி.

ஒரு நூற்பாலைதான் பொருள். முதலாளி தன் நண்பருக்கு எழுதிய கடிதம் மகளுக்கு. ஆலைச் சுவரில் தொங்கிய விதிப்பலகையின் நகல் அம்மாவுக்கு. தாமதமாக வந்தால் அபராதம், வேலை நேரத்தில் சீட்டியடித்தால் அபராதம், ஜன்னலைத் திறந்தால் அபராதம். இரண்டு காகிதமும் இருவரிடமும் உண்டு. பத்து நாள் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து இருவரும் தயார் செய்தார்கள். அம்மா அந்தப் பக்கம் பார்த்தால் மகள் உள்ளங்கையால் நோட்டை மூடிக்கொள்வாள். அம்மா தன் பேச்சை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும்போது மகள் சிவப்பு மையில் ஏதோ கேள்வி எழுதியது மட்டும் தெரிந்தது. இரண்டும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காத ஜென்மங்கள்.

அந்த நாள் வந்தது. அம்மாக்காரி கரும்பலகை முன்னால் நின்றாள். பதினெட்டு வருஷம் கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியை ஆடாமல் பிடித்த கை, ஒற்றைத் தாளைப் பிடித்துக்கொண்டு நடுங்கியது.

"இது முதலாளி எழுதின பலகை," என்று தொடங்கினாள். "தொழிலாளி என்ன செய்யக்கூடாதுன்னு சொல்லுது. ஆனா யாருமே செய்யாத ஒண்ணுக்கு எவனாவது விதி போடுவானா? ஜன்னலத் திறக்காதேன்னு எழுதியிருக்குன்னா, ஜன்னலத் திறந்துக்கிட்டே இருந்தாங்கன்னு அர்த்தம். சீட்டியடிச்சிருக்காங்க. லேட்டா வந்திருக்காங்க. அவங்க எழுதி வெச்சுட்டுப் போன காகிதம் எதுவும் இங்க இல்ல. ஆனா இந்த முதலாளியோட பலகையிலயே அவங்க இருக்காங்க. வெக்கை தாங்க முடியாமத் திறந்திருக்காங்க. அபராதம்னு தெரிஞ்சும் திறந்திருக்காங்க."

டீச்சர் கரும்பலகையில் எட்டு என்று எழுதினார். இன்னும் ஆறு வேண்டும்.

மகள் எழுந்தாள். அம்மாவின் கையை ஒருமுறை பார்த்தாள். நோட்டைத் திறக்கவே இல்லை.

"அந்தப் பலகைல மொத்தம் எத்தனை விதி இருக்கு?"

டீச்சர் புருவத்தை உயர்த்தினார். "இதுக்கு மூணுக்கு மேல போட முடியாது. தெரியும்ல?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாக்காரிக்குப் புரிந்துவிட்டது. மனக்கணக்கில் தவறுகிற பெண் இல்லை அவள். எல்லார் முன்னாலும் அம்மா பேச்சு வராமல் நின்றுவிடுவாளே என்ற இரக்கத்தில், தேர்வே எழுத முடியாமல் போகிற கேள்வியைக் கேட்டு வைத்திருக்கிறாள். அம்மாக்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில் கை நடுக்கம் நின்றது.

"டீச்சர், இந்தக் கேள்வி வேண்டாம். அவ நோட்டுல சிவப்பு மைல ஒண்ணு எழுதி வெச்சிருக்கா. அதக் கேக்கச் சொல்லுங்க."

"கேக்கலாம். ஆனா நல்ல கேள்விய ஒளிச்சு வெச்சதுக்கு அவளுக்கு ரெண்டு மார்க் குறைப்பேன்."

இதை அம்மாக்காரி எதிர்பார்க்கவில்லை. இரண்டு மார்க் போனால் மகளின் முதலிடம் போகும். மகள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தானே நோட்டைத் திறந்தாள்.

"வெக்கைக்காகத்தான் திறந்தாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?" நோட்டைப் பார்த்து வாசித்தவள் நிமிர்ந்தாள். "பேசறதுக்குத் திறந்திருக்கலாம். சும்மா வேடிக்கை பாக்கத் திறந்திருக்கலாம். நீ உன் இஸ்திரி ரூம நினைச்சுக்கிட்டு சொல்ற. அது உன் கதை. அவங்க கதை இல்ல. ஆதாரம் எங்க?"

அடி நேராக நெஞ்சில் விழுந்தது. உண்மைதானே. எழுதும்போது அவள் கண்ணில் இருந்தது நீராவிக் குழாயும், மயங்கி விழுந்த பக்கத்து மேசைக்காரியும்தான். இருநூறு வருஷத்துக்கு முந்தைய எவளையும் அவள் பார்க்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பின் பெஞ்சில் யாரோ இருமினார்கள்.

"ஆமா," என்றாள் கடைசியில். "பாதி என் கதைதான். ஒத்துக்கறேன்."

டீச்சர் சுண்ணக்கட்டியை எடுத்தார்.

"இருங்க, இன்னும் முடிக்கல." அம்மாக்காரி மேசைக்குப் போனாள். மகளின் காகிதத்தை, அந்த முதலாளியின் கடிதத்தை, எடுத்து விரலை வைத்து வரிவரியாகத் தேடினாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. அவள் அவசரப்படவில்லை. "இதோ. 'நூல் அறாமலிருக்க அறையை எப்போதும் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் வைத்திருக்கிறோம்'னு அவரே பெருமையா எழுதியிருக்கார். நண்பருக்கு எழுதினது, தன் ஆலையப் பத்தி. இதுல அவர் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்ல. அப்ப அறை புழுங்கியிருக்கு, அதுக்கு ஆதாரம் இருக்கு. அதனாலதான் திறந்தாங்களான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. இந்த ரெண்டு காகிதமும் அதச் சொல்லல. அங்க வேலை செஞ்சவங்க யாராவது வாயத் திறந்து சொன்னத யாராவது எழுதி வெச்சிருந்தா, அதத் தேடணும். அது கிடைக்கற வரைக்கும் நான் பேசினதுல அந்த ஒரு வரிய அடிச்சுடறேன்."

பேனாவை எடுத்துத் தன் தாளில் அந்த வரியை அடித்தாள். கரும்பலகையில் எட்டுக்குக் கீழே ஏழு விழுந்தது. பதினைந்து, ஆக இருபத்தாறு. அவளுக்கு உட்கார வேண்டும் போல இருந்தது, உட்கார்ந்தாள்.

மணி அடித்தது. அடுத்த பாடத்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. வராந்தாவில் இருவரும் சுவரோரம் நின்றார்கள்.

"எனக்கு ரெண்டு மார்க்கு போச்சு," என்றாள் மகள்.

"போச்சு. எனக்கு வலிக்குது. ஆனா மன்னிச்சுக்கோன்னு சொல்ல மாட்டேன். நீ இரக்கப்பட்டுக் கேட்ட கேள்விக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா, நாளைக்கு இஸ்திரிப் பிரிவுல முப்பது பேர நான் எப்படி மேய்ப்பேன்?"

"அதுல நீ ஃபெயிலாயிடுவேன்னு தெரிஞ்சேதான் கேட்டேன்மா. நீ பேச்சு வராம நிக்கறத என்னால பாக்க முடியாதுன்னு பயந்துட்டேன்."

"நின்னேன்ல. பாத்தேல்ல. என்ன ஆயிடுச்சு இப்ப?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அங்கும் சிவப்பு மை.

"இன்னொண்ணு இருக்கு. ஆண்டுத் தேர்வுல இந்த மாதிரிதான் வரும். இது அதவிட மோசம். உன்னால தாங்க முடியாது."

அம்மாக்காரி தோளிலிருந்த பையை இறக்கித் தரையில் வைத்தாள்.

"கேளு," என்றாள்.