எந்த எண்ணெய் என்று எழுதாத அட்டை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதைக்கு என் கையில் கிடைத்தது ஒரே ஒரு அட்டை. குன்னூரில் வாங்கிய பழைய புத்தகம் ஒன்றுக்குள் இருந்தது. ஏர்கன் என்ற காற்றுத் துப்பாக்கி பழகுகிறவர்கள் சுடும் இலக்கு அட்டை. நடுக் கருவட்டத்தில் ஐந்து ஓட்டைகள், ஒன்றையொன்று தொட்டபடி. பின்புறம் பென்சிலில், ‘டிரையர் ரூம். பத்து மீட்டர். மெழுகு + எண்ணெய்.’

என்ன எண்ணெய் என்று எழுதவில்லை. அந்த இடத்தில்தான் நான் நுழைந்தேன்.

2

ஜெகதளாவுக்கு மேலே, மூடுபனி விலகாத ஒரு

(வேண்டாம். மூடுபனியில் தொடங்கினால் சுற்றுலாக் கையேடு ஆகிவிடும்.)

1996 ஜனவரி. நாச்சிமுத்து தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். தங்கை வேலாமணி அங்கேயே தூள் சலிக்கும் பிரிவில் வேலை செய்கிறாள், ஏர்கன் சுடுவாள். துப்பாக்கி அவளுடையதல்ல, அவளுக்குச் சுடக் கற்றுக்கொடுத்த கொர்னேலியஸ் மாஸ்டருடையது. அவர் அடுத்த வாரம் நாகர்கோவிலுக்கே குடிபோகிறார். ஊட்டியில் நடக்கும் மாவட்டத் தேர்வில் வேலாமணி ஜெயித்தால், மாநிலப் போட்டி முடியும்வரை துப்பாக்கி அவளிடம் இருக்கும். தோற்றால் அவரோடு பஸ் ஏறிவிடும். இன்னொன்று கிடைக்க வழியில்லை.

தேவை, பத்து ரவைகளில் நூற்றுக்கு எண்பத்தைந்து புள்ளி. அவள் எண்பதில் நின்றாள். மீதி ஐந்தைத் தேடித்தான் நாச்சிமுத்து ரவையைக் கையில் எடுத்தான்.

ரவை என்பது ஈயத் துண்டு. பின்பக்கம் பாவாடைபோல் விரிந்திருக்கும். காற்று தள்ளும்போது அந்த விளிம்பு குழலின் உட்சுவரில் உரசிக்கொண்டே போகும். ஒவ்வொரு ரவையும் ஒவ்வொரு மாதிரி உரசினால் வேகம் மாறும். வேகம் மாறினால் விழும் இடமும் மாறும். எல்லாம் ஒரேமாதிரி வழுக்கினால் எல்லாம் ஒரே இடத்துக்குப் போகும். அவ்வளவுதான் தத்துவம். ரவைகளைச் சோப்புத் தண்ணீரில் அலசினான், உலர்த்தினான், தேன்மெழுகும் எண்ணெயும் உருக்கிய கலவை தொட்ட துணியில் உருட்டினான். கண்ணாடியில் மூச்சு பட்டதுபோல் மெல்லிய படலம்.

“ஏனுங்ண்ணா, ரவைக்குக் குளிக்க ஊத்தி, தல தொவட்டி, எண்ணெயும் வெச்சு உடறீங்களா?” என்றாள் வேலாமணி. “அடுத்து பூ வெப்பீங்களாட்ட இருக்குது.”

“வாயக் கொறச்சுட்டுச் சுடு, அம்மிணி.”

வெளியே காற்றும் சாரலும். ஆகவே ஷிப்ட் முடிந்த மாலைகளில் டிரையர் ரூமில்தான் பழக்கம். இலை உலரும் வெக்கையில் இருவருக்கும் வேர்த்தது. ஐந்து ரவை, ஒன்றையொன்று தொட்டபடி ஐந்து ஓட்டை.

3

[முதல் பிரதியில் மெஷின் ஆயில் என்று எழுதியிருந்தேன். ஸ்பிரிங் துப்பாக்கிக்குள் காற்று நெருக்கப்படும்போது சட்டென்று சூடேறும்; எண்ணெய் அதிகமானால் டீசல் எஞ்சினில்போலப் பற்றிக்கொள்ளும். வெடிச்சத்தம், புகை, தாறுமாறாகப் போகும் ரவை. நல்ல காட்சிதான். ஆனால் ஃபிட்டர் ஒருவன் முதல் புகையிலேயே விழித்துக்கொள்வான். அவன் விழித்துக்கொள்ளாத எண்ணெய் ஒன்று வேண்டும். வீட்டில் இருப்பது, தினமும் கண்ணில் படுவது.]

தேங்காயெண்ணெய்.

4

போட்டி நாள் காலை ஊட்டியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. மூன்று பக்கமும் திறந்த கொட்டகை. மேசைமேல் ரவை டப்பா.

கொர்னேலியஸ்தான் அன்றைய நடுவர். (அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. இரண்டு வருடம் துப்பாக்கியை ஓசியில் கொடுத்த மனிதர்.) கயிற்றுக்கு வெளியே நின்றவர்களிடம் சொன்னார்: “வாயத் தொறந்தா சுடறவங்க அவுட். சைகையும் பேச்சுதான். என் சொந்தத் தம்பியா இருந்தாலும் சரி.”

முதலில், கணக்கில் சேராத சோதனைக்கு ஐந்து ரவை. முதலாவது கருவட்டத்தின் உச்சியில் பட்டது. இரண்டாவது அடியில். மூன்றாவது வெள்ளையில்.

பதற்றம் என்றுதான் நாச்சிமுத்து முதலில் நினைத்தான். பிறகு அவள் நான்காவது ரவையை எடுத்து விரலில் உருட்டுவதைப் பார்த்தான். ஈயம் மினுங்கவில்லை. பையிலிருந்த மீதி டப்பாவைத் திறந்தான். ஒவ்வொரு ரவையிலும் வெள்ளையாகக் கட்டி, ஒன்றில் இடப்பக்கம், ஒன்றில் பாவாடைக்குள்.

அன்று விடியற்காலையில்கூட வேலாமணி உறைந்துபோன எண்ணெய்ப் புட்டியை அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலை சீவினாள். அடுத்து அவனும் தடவிக்கொண்டான். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அப்படித்தான். இருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு ரவையைக் கைக்குள் மூடினான். அறுபது எண்ணினான். திறந்தபோது வெள்ளை கரைந்து, ஈயம் பளபளத்தது.

டப்பாவை ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டால் போதும். (குழலும் குளிர்ந்துதான் கிடக்கிறது, ஆகவே முழு வைத்தியம் இல்லை. ஆனால் ஐந்து புள்ளிக்கு? ஆகலாம்.) அவளுக்கு யார் சொல்வது?

5

முடிவு அ: அவளே கண்டுபிடிக்கிறாள். எழுதினேன். அவள் கவனமெல்லாம் மூச்சில் இருக்கிறது, நம்ப முடியவில்லை. கிழித்தேன்.

முடிவு ஆ: “அம்மிணி, டப்பாவ” என்று நாச்சிமுத்து கத்துகிறான். கொர்னேலியஸ் வேலாமணியின் பெயரை அடிக்கிறார். இது நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே என்னால் அதற்கு மேல் எழுத முடியவில்லை.

6

ஐந்தாவது ரவையும் வெள்ளையில். வேலாமணி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். ‘என்ன ஆச்சு?’ என்று கண் மட்டும் கேட்டது. கொர்னேலியஸும் அவனைத்தான் பார்த்தார்.

நாச்சிமுத்துவின் வலது கை மெல்ல எழுந்தது. உள்ளங்கை உச்சந்தலையில் பதிந்து, வகிட்டோரமாக ஒருமுறை, அழுத்தி, பின்னால் வழிந்தது.

எண்ணெய் தேய்ப்பதுபோல. அல்லது தலை அரித்ததுபோல. குளிரில் குல்லா இல்லாத எவனும் செய்வதுதான்.

வேலாமணியின் கை டப்பாவைத் தொட்டது. கொர்னேலியஸ் விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனார். ஆரம்பிக்கவும் அதே விசில், வெளியேற்றவும் அதே விசில்.

அவன் செய்தது சைகையா, இல்லையா? நான் கயிற்றுக்கு வெளியே நிற்கிறேன், பேசக்கூடாது. நடுவர் இடத்தில் இப்போது இருப்பது நீங்கள். விசில் உங்கள் வாயில். ஊதுங்கள், நான் அதன்பின்...