மாட்டோட ஆள்

"மாடு எழுந்திரிக்க மாட்டேங்குதுடா! டாக்டருக்குப் போனைப் போடு!" என்று கொட்டகையிலிருந்து மாமியார் போட்ட சத்தத்தில் பாதித் தெரு வாசலுக்கு வந்துவிட்டது.

அதே கொட்டகையில், மாட்டுக்கு அந்தப் பக்கம், சாக்கின்மேல் மருமகளும் காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை. அவளுக்காக யாரும் யாருக்கும் போன் போடவில்லை. போன வாரம் மாடு உதைத்ததில் முழங்காலுக்குக் கீழே கிழிந்த புண். பழந்துணியைச் சுற்றிக்கொண்டு நேற்றுவரை சாணி அள்ளினாள். இப்போது கால் கறுத்து வீங்கி, உடம்பு அனலாய்க் கொதித்தது.

ஏழைப் பெண்களுக்கு வெறும் கடனைக் கொடுத்தால் கரையேறமாட்டார்கள் என்று கண்டுபிடித்த புண்ணியவான்கள் யாரோ வகுத்த திட்டத்தில் வந்த மாடு அது. கடனோடு கறவை மாடு வரும். மாட்டோடு பயிற்சி, தீவனம், கூப்பிட்டால் வந்து நிற்கும் டாக்டர், முடியாத மாட்டை ஏற்றிப்போக ஒரு வண்டி எல்லாம் வரும். மாட்டின் காதில் மஞ்சள் வில்லை குத்தி இன்சூரன்ஸும் போட்டுவிடுவார்கள். கடன் பெண்கள் பேருக்கு மட்டும்தான் என்பதால் கையெழுத்து மருமகளுடையது. முன்பணத்துக்காக அடகுக்குப் போன கம்மலும் அவளுடையது. பால் பணம் மட்டும் மாமியாரின் முந்தானை முடிச்சுக்குப் போனது.

"தன் கம்மலைக் கழட்டி மாட்டுக்குப் போட்டுட்டா" என்று தெருப் பெண்கள் சிரித்தார்கள். மாட்டுக்கு மகாராணி என்று பட்டமும் சூட்டினார்கள். மருமகள் கை பட்டால்தான் மகாராணி பால் விடுவாள். வேறு யார் உட்கார்ந்தாலும் அடக்கிக்கொள்வாள்.

மாட்டு டாக்டர் வண்டியோடு வந்தார். தவணை வாங்க வந்த வசூல்காரரும் பைக்கை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். "சுண்ணாம்புச் சத்துக் கொறைஞ்சுபோச்சு, பயப்படாதீங்க" என்று டாக்டர் ஊசி மருந்தை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் மகாராணி எழுந்து நின்று வைக்கோலை இழுத்தாள். மாமியார் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். உண்மையான கண்ணீர்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பும்போதுதான் டாக்டர் சாக்கில் கிடந்தவளைப் பார்த்தார். துணியை விலக்கியவர் முகம் மாறிவிட்டது.

"இந்தப் பொண்ணை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. விஷம் மேல ஏறுது. உயிருக்கே ஆபத்து."

"ஆஸ்பத்திரின்னா வாரக்கணக்குல படுக்கப் போட்டுடுவாங்க. அப்புறம் கறக்கறது யாரு?" என்றாள் மாமியார்.

புருஷன்காரன் பிடரியைச் சொறிந்தபடி வசூல்காரர் பக்கம் நகர்ந்தான். "சார், ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன். கடன் வாங்கின ஆளுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"அதுக்கும் இன்சூரன்ஸ் இருக்கே" என்றார் வசூல்காரர், பாடம் ஒப்பிப்பதுபோல. "மீதிக் கடன் தள்ளுபடி. மாடு குடும்பத்துக்கே. வேணும்னா வித்துக்கலாம்."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாமியாரின் குரல் குழைந்தது. "நாளைக்குப் பாத்துக்கலாம்டா. பாவம், அசதியா இருக்கா. தூங்கட்டும்."

அவளைத் தூங்கவிடச் சொல்லி அந்த வீட்டில் ஒரு வாய் பேசியது அன்றைக்குத்தான்.

மருமகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். "டாக்டர்… உங்க வண்டில என்னை…"

"முடியாதும்மா." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மாட்டைத்தான் ஏத்தணும். கூட மாட்டோட ஆள் ஒருத்தர் வரலாம். அவ்வளவுதான். மீறினா என் வேலை போயிடும்."

அவள் மாட்டுக் கயிற்றைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு காலில் நின்று மாட்டின்மேல் சாய்ந்துகொண்டாள்.

"மாட்டுக்கு இன்னும் சரியாகல டாக்டர். கண்ணைப் பாருங்க. மறுபடி விழுந்துடும்."

மகாராணி நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் மாட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆமா. சந்தேகமாத்தான் இருக்கு. ஏத்திடலாம். மாட்டோட ஆள் யாரு?"

"நான்தான்."

"நான் போறேன் டாக்டர்" என்று புருஷன்காரன் முன்னே வந்தான்.

"நீங்க போகக்கூடாதுங்க" என்றார் வசூல்காரர். "கடன் அவங்க பேர்ல. மாட்டை ஏத்தறதும் இறக்கறதும் அவங்க கையெழுத்துலதான்." அந்த மனிதருக்கு எந்தப் பக்கமும் கிடையாது, விதி மட்டும்தான்.

வண்டி போகிற வழியில் மனிதர்களுக்கான ஆஸ்பத்திரியின் வாசலில் கொஞ்ச நேரம் பழுதாகி நின்றது. இறங்கும்போது அவள் டாக்டரிடம் சொன்னாள்: "என் கையெழுத்து இல்லாம மாட்டை அவுக்காதீங்க."

உயிர் தப்பியது. கால் தப்பவில்லை. ஒரு நாள் முந்தியிருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள்.

மாமியாரும் புருஷனும் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. முதலில் மாட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறார்கள். அங்கே மாட்டை விடமாட்டோம் என்றதும் கையில் காகிதத்தோடு இங்கே வந்தார்கள். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததை மாமியார் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீ ஒரு கையெழுத்துப் போட்டுட்டா மாட்டை ஓட்டிட்டுப் போயிடுவோம். நீயும் சீக்கிரம் வந்துடும்மா" என்றாள். "கறக்கறது உக்காந்துதானே? அதுக்குக் கால் எதுக்கு?"

மருமகள் காகிதத்தை வாங்கினாள். நிதானமாக மடித்தாள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "யாரும்மா இவங்க? உன் சொந்தக்காரங்களா?"

"இல்லக்கா" என்றாள் அவள். "மாட்டோட ஆளுங்க."