கால் ஒடியட்டும் என்றொரு வாழ்த்து

கம்பைநல்லூர் அன்பரசி அன்றைக்குத்தான் முதன்முதலாக மேடை ஏறப்போகிறாள், கண்ணுங்களா. தருமபுரியில் கல்லூரி நாடகம். அவளுக்கு ராணி வேஷம். காலை பஸ்ஸை விட்டால் வேஷம் வேறொருத்திக்குப் போய்விடும்.

செருப்பை மாட்டும்போது போனில், நாடகம் சொல்லித்தரும் மலர்விழி மேடத்தின் குரல் வந்தது. "அன்பு, பிரேக் எ லெக்!"

"என்னடி சொல்றாங்க உங்க மேடம்?" என்று கேட்டாள் அம்மா குப்பம்மாள்.

அன்பரசி யோசிக்காமல் சிரித்தாள். "காலை ஒடிச்சுக்கோன்னு சொல்றாங்கம்மா."

புறப்படுகிறவர்களை 'எங்கே போறே' என்றுகூடக் கேட்காதவள் குப்பம்மாள். 'போறேன்' என்றால், 'போயிட்டு வரேன்னு சொல்லு' என்று திருத்துகிறவள். வாசலில் கையை நீட்டி மறித்துக்கொண்டாள்.

"கெளம்பற நேரத்துல இப்படியா ஒரு வார்த்த! இன்னிக்கு நீ போவ வேண்டாம்."

"ஐயோ அம்மா, அது வாழ்த்து! நல்லா நடின்னு நேரா சொன்னா கண்ணுபட்டுக் கெட்டுப் போயிடும்னு வெள்ளக்கார நாடகக்காரங்களுக்குப் பயம். அதான் ஏறுக்குமாறா சொல்றாங்களாம். எங்க ஆரம்பிச்சுதுன்னு சரியா தெரியாது, ஆளுக்கொரு கதை சொல்றாங்க."

"வெள்ளக்காரனுக்கு ஏதுடி கண்ணுபடறது? பொய் சொல்லாத."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பா மாது நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "உனக்கு முன்னால பொறந்தது ரெண்டும் தங்கல. அதனால உன்னயக் குப்பமேட்டுல போட்டு, பக்கத்து வூட்டுக்காரிய எடுக்கச் சொல்லி, ஒரு மொறம் தவுட்டக் குடுத்து உங்காத்தா வாங்கினாங்க. ராசாத்தின்னு கூப்பிட்டா எமன் தேடி வருவான்னுதானே குப்பம்மான்னு வெச்சாங்க? அவங்க ஊர்லயும் எமன் சுத்தறான் போல."

"என் பேர இழுக்கலன்னா உங்களுக்குப் பொழுது போவாது" என்றாள் குப்பம்மாள். ஆனால் மறித்த கை இறங்கிவிட்டது.

"அம்மா, பஸ்ஸு வந்துரும்!"

"வரட்டும். உள்ள வா. உக்காரு. தண்ணி குடி. அப்புறம் புதுசா கெளம்பு."

ஆகாத சொல் காதில் விழுந்தால், அந்தப் புறப்பாட்டை அழித்துவிட்டு மறுபடி தொடங்குவது அவர்கள் வழக்கம். அன்பரசி உட்கார்ந்தாள், குடித்தாள், எழுந்தாள். தெருமுனையில் ஹாரன் கேட்டது. மகளுக்கு முன்னால் ஓடிப்போய்க் கைகாட்டி பஸ்ஸை நிறுத்தியவள் குப்பம்மாள்தான்.

அன்பரசி படியேறியதும் பஸ் முழுக்கக் கேட்கும்படி அம்மா கத்தினாள். "மூஞ்சியப் பாரு, கழுத! நீயெல்லாம் ஒரு ராணியாடி!"

பஸ் திரும்பி மறையும்வரை திட்டிக்கொண்டே நின்றாள்.