அர்த்தநாரி செய்த கப்பல்

பெருமாட்டியில் பூபதிராஜா வீட்டு டிவி மேசை மேல் இருந்த ஜப்பான் போர்க்கப்பல், ஆயுதபூஜைக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு நான்கு விரல்கடை மேலே எழும்பி மிதந்தது. அதே நேரத்தில், வீட்டுக்குப் பின்னால் அறுபதடிக் கிணற்றின் அடியில் கிடந்த தண்ணீர் விளிம்பு வரை ஏறி, ஒரு மணி நேரம் நின்று, இறங்கியது. மாலை ஆறு மணிக்கும் அப்படியே. அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை. கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசித்துச் சொல்கிற ஊர் அது. இருந்தாலும் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை என்று தெரிந்ததும் யாரும் மேற்கொண்டு ஆராயவில்லை. குடங்களோடு வரிசையில் நின்றார்கள்.

வயிறு எரிந்தது அர்த்தநாரிக்கு மட்டும்தான். பூபதிராஜாவின் சித்தப்பா மகன். ஒரு தோப்பு தள்ளி வீடு. இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய யமாட்டோ கப்பலின் சின்ன உருவத்தை, பெட்டி நிறையத் துண்டுதுண்டாக, முதன்முதலில் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தவர் அவர். பதினோரு மாதம் உட்கார்ந்தார். கடுகளவு பீரங்கிகளை இடுக்கியால் ஒட்டினார். மேல்தளத்துப் பலகைகளுக்கு ஒவ்வொன்றாக நிறம் மாற்றிப் பூசினார். அதைப் பார்த்துவிட்டுப் போன பூபதிராஜா தானும் ஒரு பெட்டி வாங்கி, இருபதே நாளில் ஒட்டி முடித்தார். புகைபோக்கி சாய்ந்திருந்தது. பக்கவாட்டில் அவருடைய கட்டைவிரல் ரேகை பசையோடு காய்ந்திருந்தது. மிச்சமான ஏழு துண்டுகளை ஏலக்காய் டப்பாவில் போட்டு வைத்தார். ஆயுதபூஜையன்று மோட்டாருக்கும் டிராக்டருக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைத்த கையோடு கப்பலுக்கும் சந்தனம் குங்குமம் அப்பினார். பெயிண்ட் கெட்டுவிடும் என்று அர்த்தநாரி தன் கப்பலுக்கு வைக்கவில்லை. அடுத்த வருஷம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வைத்தும் பார்த்தார். கப்பல் அசையவில்லை. பெயிண்ட் உரிந்ததுதான் மிச்சம். சரிசெய்ய ஒரு மாதம் பிடித்தது.

"ஏனுங்க, அவிங்க ஊட்டுக் கப்பல் மெதந்துட்டுப் போகட்டுமே. தண்ணி நம்முளுக்குந்தானுங்க கெடைக்குது," என்றாள் மனைவி நாச்சம்மாள்.

"அதுல ரெண்டு பீரங்கி தலகீழா இருக்குது. தெரியுமா உனக்கு?" என்றார். தண்ணீரா அவருக்குப் பெரிது? மிதக்க வேண்டியது அவருடைய கப்பல். அந்தப் பேர் அவர் கைகளுக்கு வந்திருக்க வேண்டியது.

மூன்றாம் வருஷம் பூபதிராஜா குடும்பத்தோடு பழனிக்குப் போனபோது, மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வீட்டுச் சாவியை அர்த்தநாரியிடமே கொடுத்துவிட்டுப் போனார். பட்டப்பகலில், அர்த்தநாரி துண்டால் போர்த்தித் தன் கப்பலைக் கொண்டுபோய் அந்த டிவி மேசை மேல் வைத்துவிட்டு, கோணல் கப்பலைத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்தார். மாலை ஆறு மணிக்கு அதன் எதிரே கைகட்டி உட்கார்ந்தார். அது கல்லாட்டம் நின்றது. தோப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. ஓடிப்போய் ஜன்னல் வழியே பார்த்தார். பதினோரு மாதம் இழைத்த கப்பல், ஆயுசிலேயே முதல் தடவையாக, அண்ணன் வீட்டில் மிதந்துகொண்டிருந்தது. அழுகை வந்தது. எடுத்து வந்தால் அது மறுபடி வெறும் பிளாஸ்டிக் என்பதால் எடுக்கக் கை வரவில்லை. கோணல் கப்பல் பரணுக்குப் போனது.

திரும்பி வந்த பூபதிராஜா ஒரு பார்வைதான் பார்த்தார். "கப்பல் தானா நேராயிருச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஊரே கூடியது. நிமிர்ந்த புகைபோக்கியையும் வரிவரியான பலகைகளையும் பார்த்து வாய்பிளந்தார்கள். தண்ணீருக்கு வந்த மருதாத்தாள், குடத்தை இடுப்பில் வைத்தபடி, "மனுசக் கையில இத்தன சுத்தமா வருமுங்களா?" என்று கேட்டாள்.

எல்லோரும் அர்த்தநாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தானே. மூன்று வருஷமாக அவர் கேட்க ஏங்கிய பாராட்டு அது. தான் செய்தது என்று சொன்னால், திருடன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"வராதுங்க," என்றார்.

மணி ஆறானது. கப்பல் எழும்பியது. கிணறு நிரம்பியது. அர்த்தநாரி ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு மருதாத்தாளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.