நாலு மணிப் படம்

…இறங்கியாயிற்று, இனி என்ன, பஸ்ஸும் போய்விட்டது. தியேட்டரடி இறங்குறாக்கள் வாங்கோ என்று கொண்டக்டர் சத்தம் போட்டபோது என்னைத் தவிர ஒருவரும் எழும்பவில்லை, படம் ஓடாமல் எத்தனை வருசம், இருந்தாலும் புத்தூரில் இந்தத் தரிப்பிடத்துக்கு அந்தப் பெயர்தான். காலையில் மயிலிட்டியில் வெளிக்கிடும்போது அம்மா முற்றத்தில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தா. எங்கை போறாய் றீற்றா? மீனலோசனித் தியேட்டரை இடிக்கினமாம் அம்மா, ஒருக்காப் பாத்திட்டு வாறன். அம்மா நிமிரவே இல்லை. சொந்த வீட்டிலை இருந்துகொண்டு, அகதியாய்க் கிடந்த இடத்துக்கு ஏங்கிறவள் உலகத்திலை நீ ஒருத்திதான் என்றா. ஒருத்திதான், இல்லையென்று சொல்ல முடியுமா… இருபத்தேழு வருசம் ஆமி வைத்திருந்த காணியை விட்ட அன்று எல்லாரும் மண்ணை அள்ளிக் கண்ணில் ஒற்றினார்கள், நானும் அள்ளினேன், எனக்கு ஏன் ஒன்றும் வரவில்லை? பதினொரு வயதில் விட்டுவிட்டு ஓடி வந்த ஊர், எங்கள் கிணறு எந்தப் பக்கம் என்பதையே அம்மா காட்டித்தான் தெரிந்துகொண்டேன். இந்தத் தியேட்டருக்குள் என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன்.

நடப்பேனா? கூரை போய்விட்டது, பெண்கள் பக்கத்து மதில் போய்விட்டது, படம் ஓட்டுகிற ஒப்பரேற்றர் அறை பாதியில் நிற்கிறது, மஞ்சள் இயந்திரம் ஒன்று தன் கையை மடித்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது, வேலையாட்கள் சாப்பிடப் போயிருப்பார்கள். திரைச்சுவர் மட்டும் நிற்கிறது. இவ்வளவு சின்னதா இது? வெங்காயமும் புகையிலையும் விற்ற காசில் இராசநாயகம் முதலாளி கட்டினவராம், பின்னேரம் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டால் தோட்டத்தில் நிற்கிற பெண்கள் மண்வெட்டியை வைத்துவிட்டு முகம் கழுவப் போவார்களாம், திருவிழாக் காலத்தில் மாட்டுவண்டில்கள் சந்திவரைக்கும் நிற்குமாம். எல்லாம் கேள்விப்பட்டதுதான். நாங்கள் வந்தபோது ஊரடங்கும் கரண்ட் இல்லாததுமாய்த் தியேட்டர் பூட்டிக் கிடந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம், மயிலிட்டியிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த முப்பத்தாறு குடும்பத்துக்கும் முதலாளி தன் கையால் கதவைத் திறந்துவிட்டார். கதிரைகளைக் கழற்றி வெளியே அடுக்கினார்கள். சாறி கட்டி இடம் பிரித்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது திரைக்கு நேர் கீழே, முன்வரிசை இருந்த இடம். அங்கேதான் அம்மாவின் அடுப்பு, அங்கேதான் தங்கச்சி ஜெசிதா பிறந்தாள். பாரிசில் இருக்கிறவளுடைய பிறப்புப் பத்திரத்தில் இன்றைக்கும் பிறந்த இடம் மீனலோசனித் தியேட்டர்… அங்கே ஒரு அலுவலகத்தில் அதைக் கண்டு சிரித்தார்களாம், அவளும் சேர்ந்து சிரித்தாளாம், அவளுக்கென்ன.

ஐந்து வருசம் ஒரு தியேட்டருக்குள் இருந்தேன், ஒரு படமும் ஓடவில்லை. இல்லை, ஓடியது, நாலு மணிக்கு ஓடியது. மேற்குச் சன்னலால் வெயில் வந்து திரையில் சாய்கிற நேரம் அப்பா எழும்புவார். வள்ளத்தையும் வலையையும் விட்டுவிட்டு வந்த மனிசன், பகல் முழுக்க ஒருவரோடும் கதைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பவர், அந்த நேரம் மட்டும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நிற்பார். சின்னனுகள் எல்லாம் நிலத்தில். கலியாணத்துக்கு முன்னம் இஞ்சை வந்து பாத்த படம் என்று தொடங்குவார். ஆணுக்கு ஒரு குரல், பெண்ணுக்கு ஒரு குரல், மழைக்கு விரலால் சுவரில் தட்டுவார். அவருடைய நிழல் திரையில் பெரிதாய் விழும். பிறகு பெரிய ஆட்களும் வந்து இருக்கத் தொடங்கினார்கள், அடுப்பில் சோறு குழைந்துபோனதும் தெரியாமல். ஒருவரும் அழாத ஒரு மணித்தியாலம்… அப்பா அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் எங்கேயாவது கண்டேனா?

கடைசிப் படம்தான் பெட்டி மாறின படம். காங்கேசன்துறைக்கு வருகிற கடைசி ரெயினில் ஒருவன் இறங்குகிறான், வீட்டுக்குப் போய்த் திறந்தால் பெட்டி தன்னுடையது இல்லை, உள்ளே ஒரு குழந்தையின் உடுப்புகள், ஒரு வெள்ளிக் கொலுசு, வேறொன்றும் இல்லை. அவன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிறான், இது உங்கடையோ, இது உங்கடையோ. கடைசியாய்க் கடற்கரையில் ஒரு வீடு, கதவைத் தட்டுகிறான், உள்ளே காலடிச் சத்தம் கேட்கிறது. மிச்சம் நாளைக்கு என்றார் அப்பா. அடுத்த நாள் விடிய ஷெல் விழத் தொடங்கியது, தொண்ணூற்றைந்து ஐப்பசி, தென்மராட்சிக்கு நடந்தோம். நடக்கும்போதே கேட்டேன், கதவை ஆர் அப்பா திறந்தது? ஊருக்குப் போனாப் பிறகு சொல்லுறன். திரும்பி வந்து மல்லாகத்து முகாமில் இருந்தபோதும் கேட்டேன், கலியாணம் முடித்த பிறகும் கேட்டேன், அதே பதில்தான். பதினாறு வருசம் முகாம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்து, ஊர் விடுபட முதலே போய்விட்டார். சமாதான காலத்தில் மீனலோசனியைத் திரும்பத் திறந்தபோது நான் ஓடிவந்து முன்வரிசையில் இருந்து படம் பார்த்தேன். அம்மாவின் அடுப்புப் புகை பிடித்த இடத்தை எவ்வளவு கழுவியும் போகவில்லையாம், எந்தக் கதாநாயகன் வந்து நின்றாலும் அவனுடைய காலடியில் மஞ்சளாய் ஒரு கறை, நான் அந்தக் கறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டுக்கு வீடு சீடி வந்தது, ஆட்கள் குறைந்தார்கள், மூடினார்கள், பிறகு மாபிள் கல் அடுக்குகிற களஞ்சியமாக்கினார்கள். பெட்டி மாறின படத்தை எத்தனை சீடிக் கடையில் கேட்டேன், மகனைக்கொண்டு போனிலும் தேடுவித்தேன்… பேர் தெரியாமல் என்னெண்டு அம்மா தேடுறது என்கிறான்.

ஆர் பிள்ளை, கனநேரமாய் வெயிலுக்கை நிக்கிறியள்? பக்கத்து வளவிலிருந்து ஒரு அம்மா வந்தா, நரைத்த தலை, கையில் குடை. நாங்கள் இடம்பெயர்ந்து வந்து இதுக்குள்ளை இருந்தனாங்கள் அக்கா என்றேன். மயிலிட்டி ஆக்களோ? நான் முதலாளியின்ரை மருமகள், ஜெயகௌரி. உங்களுக்குப் படம் சொல்லுற யாகோப்பு அண்ணையைத் தெரியுமோ? நான் அவற்றை மூத்த மகள் என்றதும் அவ கிட்ட வந்து குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தா. மாமா ஒருநாளும் தவற விடமாட்டார் பிள்ளை, நாலு மணிக்குப் பின்கதவடியிலை கதிரை போட்டு, உங்களுக்குத் தெரியாமல் இருந்து கேப்பார். ஒருநாள் நான் கேட்டன், மாமா, இது எப்ப ஓடின படம்? சிரிச்சார். இஞ்சை ஓடின படமெல்லாம் எனக்குத் தெரியும் பிள்ளை, உந்தாள் சொல்லுறதிலை ஒண்டும் ஓடேல்லை, இஞ்சையும் ஓடேல்லை, வேறை எங்கையும் ஓடேல்லை, எல்லாம் தன்ரை மண்டையுக்கை இருந்து எடுத்து விடுறார், ஆருக்கும் சொல்லிப்போடாதை எண்டார். குடைக் காம்பை நானும் பிடித்துக்கொண்டு கேட்டேன். பெட்டி மாறின படமும் அப்படித்தானோ அக்கா? ஓம், அதுதான் கடைசி, மாமா அதின்ரை முடிவைக் கேக்காமல் போட்டம் எண்டு சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர். கதவை ஆர் பிள்ளை திறந்தது? ஊருக்குப் போனாப் பிறகு சொல்லுறன் எண்டவர் அக்கா. போனியளோ? போனம், அப்பாதான் இல்லை என்றேன். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ என்றா, வேண்டாம் அக்கா, பஸ் வந்திடும் என்றுவிட்டு வந்துவிட்டேன்.

பஸ் வரவில்லை. வந்தாலும் என்ன… அப்பா ஒரு படமும் பார்க்கவில்லையா, இந்தத் தியேட்டருக்குள்ளேயே அகதியாய்த்தான் முதல்முதல் கால் வைத்தாரா? பெண்ணின் குரலையும் மழையையும் எங்கேயிருந்து எடுத்தார்? பின்னால் இயந்திரம் உறுமுகிறது, சாப்பாடு முடிந்து வந்துவிட்டார்கள், திரும்பிப் பார்க்க மாட்டேன். பொய் சொன்னார் என்று கோபம் வரவேண்டுமே, வரவில்லை. வேறொன்றுதான் நெஞ்சில் வந்து குத்துகிறது. ஊருக்குப் போனாப் பிறகு என்று அவர் சொன்னபோதெல்லாம், முடிவை எனக்காகப் பத்திரமாய் ஒளித்து வைத்திருக்கிறார் என்றுதான் இத்தனை வருசமும் நினைத்திருந்தேன், முகாமில் மல்லாந்து கிடந்தபோதும், நான் கேட்டதும் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தபோதும். அவருக்கே தெரியாமல் இருந்திருந்தால்? கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்ளே ஆர் இருக்கிறார்கள் என்று அந்த மனிசனும் பதினாறு வருசமாய்த் தேடிக்கொண்டுதான் கிடந்தாரோ, நான் ஒவ்வொரு முறையும் போய்ப் போய் அதையே கேட்டேனோ…