கல் நசுங்கும் விதம்

அப்பாவின் வலது காலில் வெள்ளைக் காலுறை ஏறவில்லை. குதிகால் வெடிப்பில் சிமெண்டு இறுகிப்போயிருந்தது. ஷாரோன் இழுத்துப் பார்த்துவிட்டுப் பாதியில் விட்டாள்.

"மெதுவாம்மா," என்றாள் அம்மா கிரேஸ்.

எதிர்வீடு காண்ட்ராக்டர் வேலாயுதத்தினுடையது. துக்கத்துக்கு வந்தவர்களை அவர் தன் வீட்டுப் போர்ட்டிகோ நிழலில் உட்காரவைத்திருந்தார்.

"மேல தொட்டி ரொம்பட்டும்னு மோட்டார் போட்டிருக்கேன். தாராளமா தண்ணி எடுத்துக்கோங்கபா." குரலைத் தாழ்த்தாமலே தொடர்ந்தார். "நல்ல மேஸ்திரிதான் ஜோசுவா. சரக்குப் போட்டுக்கினு சாரம் ஏறாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன். கேட்டாதானே."

ஷாரோன் தெருவுக்கு வந்தாள்.

அப்பா குடித்து அவள் பார்த்ததில்லை. ஏனாத்தூரில் வேலாயுதம் கட்டிக்கொண்டிருந்த விடுதியில் அப்பா அன்று சாரத்திலேயே ஏறவில்லை. கீழே கலவை அள்ளிக்கொண்டிருந்தவர் நெஞ்சில் இரும்பு கர்டர் இறங்கியது. உடன் வேலை செய்த அருள்தான் ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டே சொன்னான். கர்டர் முனைக்கு அடியில் கான்கிரீட் திண்டு வேண்டும் என்று அப்பா சண்டை போட்டிருக்கிறார். வெள்ளைக் கல்லே தாங்கும் என்றிருக்கிறார் வேலாயுதம்.

வெள்ளைக் கல் செய்யும் ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஷாரோன் தினமும் எந்திரத்தில் அழுத்திச் சோதித்துப் பார்ப்பது அந்தக் கல்லைத்தான். உள்ளே முழுக்கக் காற்றுக்குழிகள். சுவராக நின்றால் தாங்கும். ஒரே இடத்தில் பாரம் விழுந்தால் அங்கே மட்டும் ஒரு வரிசைக் குழிகள் நொறுங்கும். அந்தத் தூளே இறுகிக் கொஞ்ச காலம் பாரத்தைச் சுமக்கும். பாரம் கூடினால் அடுத்த வரிசை. வெளிப் பார்வைக்குக் கல் முழுசாகவே இருக்கும்.

"அப்பா குடிச்சிருந்தாருன்னு யாரு அங்கிள் சொன்னது?"

"நான் பக்கத்துலயே இருந்தேனேம்மா. போலீசாண்டயும் அதத்தான் சொல்லியிருக்கேன்."

"எல்லாரும் இருக்காங்க. இன்னொரு தபா சொல்லுங்க. சாரத்துலருந்துதான் உழுந்தாரா?"

வேலாயுதம் கூட்டத்தைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். "பொண்ணு கலங்கிப்போயிருக்குது. ஆமாம்மா. போதையில உழுந்தாரு."

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அருள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நெசவாளர் தெரு அது; பிணம் எடுக்கும்வரை யாரும் தறியில் உட்காரமாட்டார்கள். தறிச் சத்தம் இருந்திருந்தால் மேலேயிருந்து வந்தது கேட்டிருக்காது. நகத்தால் சுண்டியதுபோல் ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. ஷாரோன் அண்ணாந்தாள். பூச்சு உதிர்ந்த இடத்தில் போர்ட்டிகோவின் கர்டர் முனை, திண்டு இல்லாமல் நேராக வெள்ளைக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது. மீதிப் பூச்சில் மயிரளவு கீறல். வேலாயுதத்தின் தோளில் வெள்ளையாகத் தூள். போர்ட்டிகோவின் மேலிருந்த தொட்டிக்குள் தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது.

நிழலில் உட்கார்ந்திருந்தவர்களை அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தினாள்.

"பெட்டி மூடப்போறாங்க. ஜெபத்துக்கு எல்லாரும் இந்தாண்ட வந்துடுங்க."

காலியான நாற்காலிகளை அவளே எடுத்து அடுக்கினாள். அருளைத் தோளில் தட்டி எழுப்பினாள். வேலாயுதத்தின் மனைவி ரேணுகாம்பாள் தயங்கினாள்.

"நான் இங்கியே இருக்கேனே, பாப்பா."

"அம்மா உங்கள கேக்குறாங்க, ஆண்ட்டி." கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தாள். பாதித் தெருவில் ரேணுகாம்பாள் நின்றாள்.

"ஐயோ, மோட்டார நிறுத்தலியே."

"ஓடட்டும் ஆண்ட்டி. தண்ணி வேணும்."

வேலாயுதமும் நாற்காலிக் கையைப் பிடித்து எழப்பார்த்தார். ஷாரோன் திரும்பினாள்.

"நீங்க உக்காருங்க அங்கிள். உங்களுக்கு முட்டி வலின்னு அப்பா சொல்லுவாரு. நெழல்லயே இருங்க."

"நல்ல பொண்ணு," என்று அவர் சாய்ந்துகொண்டார்.

உள்ளே பாட்டு தொடங்கியிருந்தது. ஷாரோன் அப்பாவின் காலடியில் மண்டியிட்டுக் காலுறையை மறுபடி இழுத்தாள். இந்த முறை ஏறியது.